குழந்தை தள்ளிப்போகிறதா? முதல் சோதனை ஆணுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் 31 வருடம் டிரெஸ்ஸராக, அதாவது தோட்டத்துக் கிளினிக்கின் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன் நான். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்ததும் கிளினிக் வாசலில் வரிசை நிற்கும். காய்ச்சல், வெட்டுக்காயம், செம்பனை முள் குத்தியது, குளவி கொட்டியது என்று எதற்கும் ஆண்கள் தயங்காமல் வருவார்கள். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை என்று வருவது மட்டும் எப்போதும் பெண்தான். கூடவே மாமியார் இருப்பார். கணவன் வெளியே மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பான்.

அந்த மோட்டார் பக்கத்தில் நிற்கும் தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பல. கர்ப்பக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே பல பேருக்கு நன்றாகவே வலிக்கும். ஆணின் முதல் சோதனை ஒரு குப்பியோடு முடிந்துவிடும். அப்படியிருந்தும் நம் ஊரில் அந்தக் குப்பிதான் கடைசியாக வருகிறது.

இதை ஊரார் மேல் மட்டும் சொல்லவில்லை. தோட்டம் முழுவதற்கும் ஊசி போட்ட நானே என் விஷயத்தில் நான்கு வருடம் ஒளிந்துகொண்டேன். என் மனைவி அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். மாதம் ஒரு முறை தோட்டத்துக்கு வரும் டாக்டர் அவள் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, "உன் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் எடுத்தேன். ஒரு மில்லி லிட்டருக்கு 6 மில்லியன் விந்தணு. அப்போது 20 மில்லியன் இருக்க வேண்டும் என்பார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

எப்போது போவது

ஒரு வருடம் கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதமே போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

சிலர் அந்த ஒரு வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம். பிறக்கும்போது விரை கீழே இறங்காமல் இருந்தவர்கள், வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி கண்டு அதோடு விரையும் வீங்கியவர்கள், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், குடலிறக்கத்துக்கோ விரைக்கோ அறுவை செய்துகொண்டவர்கள், உச்சத்தில் விந்து வெளியே வராதவர்கள் எல்லாரும் கல்யாணமான கையோடு சோதித்துக்கொள்வது நல்லது.

அதற்கு முன் ஒரு கேள்வி. மாதத்தில் எத்தனை நாள் சேர்ந்து இருக்கிறீர்கள்? நம் பக்கத்துப் பையன்கள் பல பேர் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்துவிட்டு மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிறார்கள். ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மனைவி தூங்கும் நேரம்தான் வேலை நேரம். வெளியான முட்டை ஒரு நாள் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்தாலே போதும், தேதி குறித்துக்கொண்டு பதற வேண்டாம். மாதம் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கிறவர் ஒரு வருடம் முயன்றதாகக் கணக்குச் சொன்னால் அந்தக் கணக்கு சரியில்லை. வழுவழுப்புக்கு எச்சிலோ கடையில் விற்கும் சாதாரண ஜெல்லியோ பயன்படுத்தினால் அதையும் நிறுத்துங்கள். அவை விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும்.

எங்கே போவது

பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான், அதுவே போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். ஐ.சி. (அடையாள அட்டை), கல்யாணப் பதிவுப் பத்திரம், ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட்டுகள், தினமும் சாப்பிடும் மருந்துகளின் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடிதம் கொடுத்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஐந்து வெள்ளி. எல்.பி.பி.கே.என். என்னும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளிலும் ஆலோசனை கிடைக்கும்.

டாக்டர் மனைவிக்கு மட்டும் சோதனை எழுதிக் கொடுத்தால், "எனக்கும் விந்துச் சோதனைக்கு எழுதுங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள். கேட்பதற்கு வாய் வராதுதான், எனக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினாலும் சரி.

குப்பி விஷயம்

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

சோதனைக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். இரண்டு வாரம் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் செத்த அணுக்களும் சேர்ந்தே கூடும். ஆய்வகம் கொடுக்கும் அகன்ற வாய்க் குப்பியையே பயன்படுத்த வேண்டும். வீட்டு ஜாம் பாட்டில் வேண்டாம், சாதாரண ஆணுறையும் வேண்டாம், அதில் விந்தணுவைக் கொல்லும் பொருள் இருக்கலாம். சோப்போ எண்ணெயோ எச்சிலோ படக் கூடாது. கையால்தான் எடுக்க வேண்டும். முதலில் வரும் சில துளிகளில்தான் விந்தணு அதிகம். அவை சிந்திவிட்டால் வெட்கப்படாமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் ஆய்வகத்தில் இருக்கும் அறையிலேயே எடுத்துவிடுங்கள். வீட்டில்தான் எடுக்க முடியும் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குப்பியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து லோரி டிரைவர் ஒருவர் குப்பியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மோட்டாரில் கொண்டுபோனார். இரத்தத்தை ஐஸில் வைத்துக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறார், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். வழியில் மழை, ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றதில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஓடும் அணு ஒன்றுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அவரிடம் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தனக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றித்தான். மறுபடி எடுத்ததில் பாதிக்குமேல் ஓடிக்கொண்டிருந்தன.

அதனால்தான் ஒரே சோதனையை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குறைந்தது இரண்டு முறை, சில வார இடைவெளியில் எடுக்க வேண்டும். டெங்கி போல் கடுமையான காய்ச்சல் வந்து தேறியிருந்தால் மூன்று மாதம் கழித்து எடுங்கள். காய்ச்சல் சூட்டிலேயே எண்ணிக்கை சரிந்துவிடும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் அளவுகள் இவை. விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் 16 மில்லியன் அணுக்கள், மொத்தத்தில் 39 மில்லியன். அசைபவை நூற்றுக்கு 42, முன்னோக்கி நீந்துபவை 30. சரியான வடிவம் உள்ளவை நூற்றுக்கு 4.

கடைசி எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்துபோகிறார்கள். "நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கோணலா?" என்று கேட்பார்கள். ஆமாம், குழந்தை பெற்ற ஆண்களிடமும் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். இந்த அளவுகள் தகப்பனான ஆண்களை வரிசையாக நிறுத்தினால் கடைசி ஐந்து விழுக்காட்டினர் நிற்கும் இடம். அதற்குக் கீழே இருந்தால் முடியாது என்றோ, மேலே இருந்தால் உறுதி என்றோ பொருள் இல்லை. கீழே போகப் போக வாய்ப்பு குறையும், அவ்வளவுதான்.

அணுவே இல்லை என்று வந்தால் அதை அசூஸ்பெர்மியா என்பார்கள். நூறு ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உற்பத்தி இல்லையா, வழி அடைபட்டிருக்கிறதா?" என்பதுதான். விரைகள் நல்ல அளவில் இருந்து, இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சாதாரணமாக இருந்தால் வழி அடைபட்டிருக்கலாம். விரை சிறுத்து, எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் உற்பத்தியில்தான் கோளாறு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. நீரிழிவு இருந்து விந்து மிகக் குறைவாக வந்தால் அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று சிறுநீரில் பார்ப்பார்கள். நம்மவர்களிடம் நீரிழிவு இருக்கும் அளவுக்கு இந்தச் சோதனையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது

தோட்டத்தில் வேலை நடப்பதைப் போலவே இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மேனேஜர். அவர் காலைப் பெரட்டில் இரண்டு உத்தரவு அனுப்புகிறார். எஃப்.எஸ்.எச். விந்தணுவை வளர்க்கும் செல்களுக்குப் போகிறது. எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்களுக்குப் போகிறது. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருந்தால்தான் விந்தணு உருவாகும். போதுமான அளவு சுரந்ததும் "வேலை முடிந்தது" என்று மேனேஜருக்குத் தகவல் போகும், அவர் உத்தரவைக் குறைப்பார்.

ஒரு விந்தணு உருவாக 74 நாள் ஆகிறது. பிறகு விரையின் மேல் சுருண்டிருக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரம் முதிர்ந்து வெளியே வருகிறது. ஆக, இன்று குப்பியில் விழுவது மூன்று மாதத்துக்கு முன் விதைத்தது. எந்த மாற்றம் செய்தாலும் பலன் தெரிய மூன்று மாதம் வேண்டும். இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதித்துப் பார்த்து மனம் உடையாதீர்கள்.

இந்த வேலைக்குக் குளிர்ச்சியும் தேவை. உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதால்தான் விரை வெளியே தொங்குகிறது.

காரணத்தைத் தேடுவது

டாக்டர் முதலில் கையால் பார்ப்பார். நிற்கச் சொல்லி, இருமச் சொல்லி, தொட்டுப் பார்ப்பார். சில இடங்களில் ஒரு மணிமாலையை எடுப்பார்கள். பன்னிரண்டு மணிகள் சின்னதிலிருந்து பெரிதாகக் கோத்திருக்கும், 1 மில்லி லிட்டரில் தொடங்கி 25 வரை. ஒரு கையில் விரை, மறு கையில் மணி, எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. வளர்ந்த ஆணுக்கு 15க்கு மேல் இருப்பது வழக்கம். எனக்கு இதைச் செய்தபோது நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே நேரத்தில் கட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். விந்தணு குறைந்தவர்களுக்கு விரைப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

அடிக்கடி அகப்படுவது வெரிக்கோசீல், விரைப்பையில் சிரை, அதாவது இரத்தக் குழாய், புடைத்துச் சுருண்டுகொள்வது. தொட்டால் ஒரு பையில் புழுக்கள் இருப்பது போல இருக்கும். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது. குழந்தை தள்ளிப்போகும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். பெரும்பாலும் இடப் பக்கம்தான். இடது விரையின் சிரை நேராகப் போய்ப் பெரிய சிரையில் சேராமல், சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்கிறது. அதனால் இரத்தம் தேங்கி, சூடு ஏறுகிறது. எனக்கு இருந்தது இதுதான். மாலையில் வேலை முடிந்து வரும்போது இடப் பக்கம் பாரமாக இழுக்கும். பல வருடம் அதை வாயு என்றே நினைத்திருந்தேன்.

அடுத்தது இரத்தச் சோதனை. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின். எஃப்.எஸ்.எச். மிக அதிகம் என்றால் மேனேஜர் கத்திக்கொண்டே இருக்கிறார், வயலில் வேலை நடக்கவில்லை என்று பொருள். இரண்டு உத்தரவுமே மிகக் குறைவு என்றால் மேலிடத்தில்தான் கோளாறு. பிறவியிலிருந்தே மணம் தெரியாதவர், மீசை தாடி சரியாக முளைக்காதவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

அணுவே இல்லை என்றாலோ 5 மில்லியனுக்கும் கீழே என்றாலோ மரபணுச் சோதனை கேட்பார்கள். ஆண் குழந்தை ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறப்பதை கிளைன்ஃபெல்டர் என்பார்கள். பல பேருக்குக் குழந்தை இல்லை என்று சோதிக்கும் நாள் வரை இது இருப்பதே தெரியாது. ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருப்பது இன்னொன்று. இவை யாருடைய தவறும் இல்லை. அம்மா சாப்பிட்டதாலோ, யாரோ விட்ட சாபத்தாலோ வருவதில்லை.

எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் அகப்படாமல் போவதும் உண்டு. அப்படியானவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள். காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

மருந்தடிக்கும் வேலை, ஊசி, பவுடர்

தோட்டத்தில் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடிப்பவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர்கள், தங்களில் பல பேருக்குக் குழந்தை பிறப்பதில்லை என்று தாங்களே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். 1977இல் சோதித்தபோது விந்தணு இல்லாமலோ மிகக் குறைந்தோ இருந்தது. அந்த மருந்து பிறகு தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் பராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை. அது நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. இப்போது அடிக்கும் ஒவ்வொரு மருந்தும் விந்தணுவைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையுறை இல்லாமல் கலக்காதீர்கள். அதே கையோடு ரொட்டி சாப்பிடாதீர்கள். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். டாக்டரிடம் உங்கள் வேலை என்ன, எந்த மருந்து அடிக்கிறீர்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். பழைய பாட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களும், பாய்லர் முன்னாலோ ரொட்டி அடுப்பு முன்னாலோ நாள் முழுக்க நிற்பவர்களும் சொல்ல வேண்டும்.

இப்போது ஊசி. ஜிம்முக்குப் போகும் பையன்கள் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோனும் அது போன்ற ஸ்டீராய்டுகளும் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மேனேஜர் என்ன நினைப்பார்? வேலை முடிந்துவிட்டது என்று உத்தரவை நிறுத்திவிடுவார். மார்பு அகலமாகும், விரை சுருங்கும், விந்தணு ஒன்றுமில்லாமல் போகும். நிறுத்திய பிறகு திரும்பி வர ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகலாம், சிலருக்கு முழுதாக வராது. "உங்களுக்கு ஆண் ஹார்மோன் குறைவு" என்று ஊசி போட முன்வரும் டாக்டரிடமும், "எனக்குக் குழந்தை வேண்டும்" என்று ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலும் நான் எழுதியதற்குப் பலன் உண்டு.

பவுடர் பற்றி. ஒரு நாள் 27 வயதுப் பையன் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் கவிழ்த்தான். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியது, இணையத்தில் வரவழைத்தது, யாரோ சித்தர் பெயரில் விற்றது என்று பதினோரு டப்பா. எண்ணூறு வெள்ளிக்கு மேல் செலவு. விந்துச் சோதனை மட்டும் எடுக்கவில்லை. ஆண்மை என்று டப்பாவில் எழுதியிருப்பது உடலுறவுக்கான வீரியம், விந்தணு வேறு. நன்றாக விறைப்பவருக்கும் அணு இல்லாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட பவுடர்களில் வயாகரா மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பல முறை பிடித்திருக்கிறது. வாங்குவதாக இருந்தால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். துத்தநாகமும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரையை 2,370 தம்பதிகளிடம் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2020இல் வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் வித்தியாசம் இல்லை.

சிகிச்சை

காரணத்தைப் பொறுத்துத்தான் சிகிச்சை.

வெரிக்கோசீல் கைக்குத் தட்டுப்பட்டு, விந்துச் சோதனையும் குறைவாக இருந்தால் அறுவை செய்யலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறியதை அறுப்பதில் பயன் இல்லை. நுண்ணோக்கி வைத்து அந்தச் சிரைகளைக் கட்டிவிடுவார்கள். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு எண்ணிக்கை ஏறும். எனக்கு ஏழு மாதத்தில் 19 மில்லியன் ஆனது. அதற்கு அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி தர முடியாது. மனைவிக்கு வயது ஏறியிருந்தால் அறுவைக்காகக் காத்திருக்காமல் நேரே அடுத்த கட்டத்துக்குப் போவதே சரியாக இருக்கும்.

மேலிடத்து உத்தரவு வராத கேஸ்தான் மருந்தால் மிக நன்றாகத் தேறுவது. எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியும் தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் வாரத்துக்குச் சில முறை, ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. பொறுமை வேண்டும், ஆனால் அணுவே இல்லாதவருக்கும் அணு வரும். புரோலாக்டின் ஏறியிருந்தால் மாத்திரை உண்டு. அடைப்பு இருந்தால் அறுவை செய்து இணைக்கலாம், அல்லது விரையிலிருந்தே அணுவை ஊசியால் எடுக்கலாம். வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்து காரணமாக இருந்தால், உதாரணமாகப் பெருங்குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்ஃபசலசின், டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

விரையே பழுதாகி எஃப்.எஸ்.எச். ஏறிய கேஸில் அதைத் திரும்ப ஓடவைக்கும் மருந்து இல்லை. ஆனாலும் கதவு மூடவில்லை. நுண்ணோக்கியில் விரையைத் திறந்து, அணு உருவாகும் சின்னச் சின்ன இடங்களைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீசே என்ற அறுவை இருக்கிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அகப்படுகிறது. கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கும் அகப்பட்டிருக்கிறது. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தின் 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுதாக விடுபட்டிருந்தால் மட்டும் அகப்படாது, அங்கே அறுவை வேண்டாம். 'சி' பகுதி என்றால் முயலலாம். அதில் பிறக்கும் மகனுக்கும் இதே குறை போகும் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் சிகிச்சை தொடங்கப்போகும் இளைஞர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், மருந்து ஏற்றும் முன்பே விந்தை உறையவைத்துச் சேமிக்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்க மறந்தால் பிறகு திரும்பக் கிடைக்காமலே போகலாம். அதே போல் வீட்டில் பிறந்த ஆண் குழந்தையின் பையில் இரண்டு விரையும் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆறு மாதம் ஆகியும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

சிகரெட்டை விடுங்கள். கள்ளோ சம்சுவோ பீரோ, தினம் குடிப்பதை நிறுத்துங்கள். கஞ்சாவும் விந்தணுவைக் குறைக்கும். எடையையும் சர்க்கரையையும் குறையுங்கள். வெந்நீர்த் தொட்டி, நீராவிக் குளியல், மடியில் லேப்டாப், இறுக்கமான உள்ளாடை இவற்றைத் தவிருங்கள். லோரி ஓட்டுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். எல்லாம் மூன்று மாதம் விடாமல். பிறகு மறு சோதனை.

ஆய்வகத்தின் துணையோடு

எண்ணிக்கை லேசாகக் குறைந்திருந்தால், கழுவிச் செறிவாக்கிய விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. போதும். மிகக் குறைவு என்றாலோ விரையிலிருந்து எடுத்தது என்றாலோ இக்சி. ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது. இந்த முறையில் முதல் குழந்தை 1992இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தது. அதற்கு முன் இரண்டு மூன்று அணு மட்டும் உள்ள ஆணுக்கு வழியே இல்லை. ஊசியும் முட்டை எடுக்கும் வலியும் மனைவிக்குத்தான் என்பதை மறக்காதீர்கள். குறை உங்களிடம் இருந்தாலும் அவள் உடம்புதான் தாங்குகிறது. அந்த நாள்களில் லீவு போட்டு அவளோடு போங்கள்.

செலவு பெரிது. தனியாரில் ஒரு சுற்றுக்கு 15,000 வெள்ளியைத் தாண்டுவது வழக்கம், ஒரே சுற்றில் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. அரசாங்க, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் குறையும், வரிசை நீளும், மனைவியின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். அதனால் சீக்கிரம் பெயர் கொடுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். சட்டப்படி கல்யாணம் பதிந்திருந்தால் 2020 முதல் வருமான வரியிலும் கழிவு உண்டு. ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இப்போதே பதிந்துவிடுங்கள், சிகிச்சை மையத்திலும் அந்தப் பத்திரத்தைக் கேட்பார்கள்.

அணு கிடைக்கவே இல்லை என்றால் வேறொருவர் தானமாகத் தரும் விந்து ஒரு வழி. முஸ்லிம்களுக்கு மார்க்கத் தடை உண்டு, மற்றவர்கள் தனியார் மையங்களில் கேட்கலாம். இரண்டு பேருக்கும் மனம் ஒத்தால் மட்டுமே. தத்து எடுப்பது இன்னொரு வழி. அதைச் செய்பவர்கள் சமூகநல இலாகா வழியாக, தத்தெடுப்புப் பதிவோடு செய்யுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் கைமாற்றி வாங்கி வளர்த்த பிள்ளைகள், பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்கப் போய்த் திரும்பி வந்ததை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் பத்திரம் கையில் இருக்கட்டும்.